காலையில் எல்லாருக்கும் கூடும்

2025 ஜனவரி 21, செவ்வாய்

இன்றும் அதே கேள்விதான். "போன வருஷத்தைவிட இந்த வருஷம் உங்க கடையில கொம்பியூட்டர் மென்பொருளுக்குச் செய்யிற செலவு கூடுமா, அப்படியே இருக்குமா, குறையுமா?" நாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் சொல்லும் பதிலைத் திரையில் தட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு அறிக்கையாகும், யாரோ ஒரு கம்பெனி அதைக் காசு கொடுத்து வாங்கும். சந்தை ஆய்வு என்று பெயர். அம்மாவுக்கு எத்தனையோ தடவை விளக்கியாயிற்று. தேயிலைத் தோட்டத்தில் யாராவது கேட்டால் "மூத்தவ போன்ல பேசுற வேலை" என்றுதான் சொல்கிறாள்.

தமிழ் பேசும் கடைகளுக்கெல்லாம் இந்தத் தடவை காலையிலேயே கோல் எடுத்து முடித்துவிடுகிறோம். கூட்டம் வந்துவிட்டால் ஒருவரும் போனைத் தூக்க மாட்டார்கள். இது நான் சொன்ன ஏற்பாடு. எங்கள் மேலாளர் ஹென்றி சேர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். எனக்குச் சந்தோஷம் வந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை.

பக்கத்து மேசை மஸாஹிரா வட்டிலாப்பம் கொண்டுவந்திருந்தாள். சாப்பிட்டேன். இனிப்பு என்று தெரிந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நாளாக எல்லாமே இப்படி. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அது மாதிரி. தொட்டால் தெரிகிறது. ஆனால் என்னுடைய கன்னம் மாதிரி இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

தங்கச்சி சுகிர்தா கோல் எடுத்தாள். கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போக மெடிக்கல் பாஸாம். ஏஜென்ட் பெப்ரவரி முடிவதற்குள் பதில் கேட்கிறாராம். "நல்லது" என்றேன். வைத்த பிறகு யோசித்தேன் – எதை நல்லது என்றேன்?

ஜனவரி 27, திங்கள்

ஹென்றி சேர் கூப்பிட்டுக் கதிரையில் உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் ஏதோ இருக்கிறது.

இந்தத் தடவை அறிக்கையை வாங்குவது கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பெனி. கடைகளுக்கு பில் போடுகிற, சாமான் இருப்புப் பார்க்கிற மென்பொருளை மாத வாடகைக்குக் கொடுப்பவர்கள். மலையகத்தில் தமிழ் பேசும் கடைக்காரர்கள் இந்த வருடம் கூடுதலாகச் செலவழிப்பார்கள் என்று தெரிந்தால், கண்டியில் ஒரு தமிழ் உதவி மையம் திறப்பார்களாம். எட்டுப் பேருக்கு வேலை. ஆட்களைக்கூட இப்போதே பார்க்கிறார்களாம்.

"உங்க தங்கச்சிக்குச் சிங்களமும் வரும்தானே? விண்ணப்பத்தைக் குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

சுகிர்தா ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணியவள். கண்டியில் ஆறு மாதம் கொம்பியூட்டர் வகுப்புக்கு வந்தவள். இப்போது தெல்தோட்டையில் ஒரு பார்மசியில் பில் போடுகிறாள். சம்பளம் பஸ்ஸுக்கும் சோப்புக்கும் சரி. அவளுக்குச் சொன்னேன். போனிலேயே கத்தினாள். அம்மாவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

ஜனவரி 31, வெள்ளி

நேர்முகத்துக்கு வந்தாள். எடுத்துவிட்டார்கள். மையம் திறந்தால் வேலை. திறந்தால்.

பெப்ரவரி 3, திங்கள்

எண்கள் வந்துவிட்டன. பத்துக் கடையில் ஏழு கடை "கூடும்" என்கிறது. நாலு வருடத்தில் இப்படி ஒரு கோடு மேலே போய் நான் பார்த்ததில்லை. ஹென்றி சேர் எழுந்து வந்து என் திரையைப் பார்த்தார், "பாருங்களேன்" என்றார்.

சுகிர்தாவுக்கு எடுத்து, ஏஜென்டுக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொல் என்றேன். "இல்லைன்னே சொல்லிறட்டுமாக்கா?" என்றாள். வேண்டாம், பொறு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம். லீவு. துணி துவைத்தேன். காயவில்லை.

பெப்ரவரி 8, சனி

நான் வாடகைக்கு இருக்கிற அனெக்ஸில் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. அம்பிட்டியவிலிருந்து டவுனுக்கு இறங்கி சாஹுல் ஹமீது ஹாஜியார் கடைக்குப் போனேன். பின்னேரம். வாஷர் ஒன்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "இந்தச் சத்தம் எனக்குத் தெரியுமே. ஒவ்வொரு தடவையும் கோல் எடுத்து கூடுமா கொறயுமாண்டு கேக்குற மகள்தானே?" என்றார். ஆமாம் என்றேன். சிரித்தார். பிளேன்டீ வரவழைத்தார்.

பேச்சோடு பேச்சாக மேசை மூலையைக் காட்டினார். கொம்பியூட்டர் துணி போட்டு மூடியிருந்தது. அடுத்த மாதத்தோடு மென்பொருளை நிறுத்துகிறாராம், பில் புத்தகம் போதுமாம். நான் அவருடைய பதிலை என் கையால் தட்டியவள். "ஹாஜியார், போன மாசம் நீங்க கூடும்னுதானே சொன்னீங்க?"

"நீங்க எடுத்தது காலைல, மகள். கடயத் தொறந்து மொத யாவாரம் நடக்க முந்திக் கொறயும்டு செல்ல ஏலுமா? வாயால அப்பிடிச் செல்லிட்டு, அன்னைக்கு முழுக்க யார் வருவா?"

வாஷருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். மேடு ஏறி நடந்தே வந்தேன். பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

எனக்குத் தெரியாத விஷயமா இது? அம்மா இன்றைக்கும் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டாள். டின் காலியாகக் கிடக்கும், "அரிசி நெறஞ்சிருக்கு, வாங்கணும்" என்பாள். சாமி விளக்கை அணை என்று சொன்னால் திட்டுவாள். அந்த வீட்டில் வளர்ந்துவிட்டு, கடை திறந்த கையோடு நூறு பேருக்குக் கோல் எடுத்து, உங்களுக்குக் குறையுமா என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் என்ன சொல்வார்கள்? ஹிந்துக் கடையானாலும் முஸ்லிம் கடையானாலும் காலையில் எல்லாருக்கும் கூடும்.

குழாய் இன்னும் ஒழுகுகிறது. வாஷர் அளவு சரியில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

சரிபார்ப்பு என்று சொல்லி, கூடும் என்றவர்களில் நாற்பது பேருக்குத் திரும்ப எடுத்தேன். மூன்று மணிக்குப் பிறகு. சாப்பிட்டு, கல்லாவில் கொஞ்சம் காசு விழுந்து, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற நேரம். இப்போது மனம் விட்டுப் பேசினார்கள். கரண்ட் பில் பற்றி, வரி பற்றி, வெளிநாட்டுக்குப் போய்விட்ட மகன் பற்றி. "அந்த மெஷினையே விக்கலாம்னு பாக்குறேன், வாங்க ஆள் இருந்தா சொல்லுங்க" என்றார் ஒருவர். பாதிக்கு மேல் குறையும். சிலர் அடியோடு நிறுத்துகிறார்கள்.

புதிய எண்ணைப் பழையதன் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். கோடு கீழே இறங்குகிறது.

பெப்ரவரி 12, புதன்

போயா, பௌர்ணமி லீவு. தோட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். போகவில்லை. சுகிர்தா மெசேஜ் அனுப்பினாள் – வேலைக்குப் போட என்று இரண்டு சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாளாம், படம். நீலம் ஒன்று, சந்தன நிறம் ஒன்று. நல்லா இருக்கு என்று பதில் போட்டேன்.

பெப்ரவரி 14, வெள்ளி

ஹென்றி சேரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை யாரும் நம்மகிட்ட கேக்கல்லையே, கிருஷாந்தி."

"கேக்கல்ல, சேர்."

"உங்க தங்கச்சி பேர் அந்த எட்டுக்குள்ள இருக்குதானே?"

"இருக்கு, சேர்."

"அப்ப?"

அவரும் கெட்டவர் இல்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். ஆனால் இந்த அறிக்கையை நல்லபடியாக முடித்தால் அடுத்ததும் இங்கேயே வரும் என்று கொழும்பில் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் சொன்னார்: "அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். எந்தக் கணக்கைப் போடுறதுன்னு நீங்களே முடிவெடுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

பின்னேரக் கணக்கைப் போட்டேன். காலைக் கணக்கு ஏன் தப்பு என்று ஒரு பந்தியும் எழுதினேன். அனுப்பினேன்.

ஏன்? நேர்மை கீர்மை என்று பெரிதாக எழுத வரவில்லை. மையத்தைத் திறந்து ஆறு மாதத்தில் மூடினால் சுகிர்தாவுக்குக் கட்டாரும் இல்லை, இதுவும் இல்லை என்று யோசித்தேன். அனுப்பிய பிறகு யோசித்ததா, அனுப்ப முன்பே யோசித்ததா? தெரியவில்லை. எண் தப்பாக இருந்தது. திருத்தினேன். அனுப்பிவிட்டுப் பிளேன்டீ ஒன்று குடித்தேன், அவ்வளவுதான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெப்ரவரி 16, ஞாயிறு

தெல்தோட்டை. சுகிர்தா அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு தோட்டத்து வீட்டு வாசலில் நின்றாள். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், காலை, பின்னேரம், ஹாஜியார், நாற்பது கடை.

"நீ சொல்லாட்டி யாருக்குக்கா தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்புறம் ஏன் சொன்ன?"

அவள் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தாள். அம்மா எனக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டேன். எப்படித்தான் சாப்பிட்டேனோ. நல்லாச் சாப்பிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

கொழும்பிலிருந்து கடிதம். தெளிவான ஆய்வுக்கு நன்றியாம். கண்டி மையம் இப்போதைக்கு இல்லையாம். ஹென்றி சேர் என் தோளுக்கு மேலால் படித்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார். அடுத்த அறிக்கையையும் நமக்கே கொடுத்திருக்கிறார்கள். அது இன்னும் பெரிதாம்.

எனக்குச் சம்பள உயர்வு வரலாம் என்கிறாள் மஸாஹிரா.

மார்ச் 5, புதன்

சுகிர்தா ஏஜென்டுக்குச் சரி சொல்லிவிட்டாள். அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஏப்ரல் 2, புதன்

கட்டுநாயக்க விமான நிலையம். அம்மா வேன் முழுக்க வாந்தி. ஏஜென்ட் எல்லாப் பெண்களுக்கும் ஒரே நிறத் தொப்பி கொடுத்திருந்தார். அந்தத் தொப்பிகளுக்குள் எது அவள் என்று தேட வேண்டியிருந்தது.

அம்மாவின் காலில் விழுந்தாள். "போயிட்டு வாரேம்மா." என்னிடம் வந்து நின்றாள். எங்களில் யாரும் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டோம். பக்கத்துக் கடைக்குப் போனால்கூடப் போயிட்டு வாரேன்தான். அவள் என்னைப் பார்த்து, "போறேன்" என்றாள். போய்விட்டாள்.

அம்மாவுக்குக் கேட்டிருக்காது. நான் சொல்லவில்லை.

மே 20, செவ்வாய்

தமிழ்க் கடைகளுக்கு இனி மூன்று மணிக்குப் பிறகுதான் கோல். ஹென்றி சேர் விதியாகவே எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். கீழே என் பெயர்.

ஜூலை 6, ஞாயிறு

அம்மாவிடம் மட்டும் பேசுகிறாளாம். நல்ல வீடு, நல்ல சாப்பாடு என்கிறாளாம். "என்னைப் பத்திக் கேட்டாளா?" என்றேன். "கேட்டா, கேட்டா" என்றாள் அம்மா. அம்மாவின் டின்னில் அரிசி எப்போதும் நிறைந்திருக்கும்.

செப்டெம்பர் 2, செவ்வாய்

அடுத்த வருடத்துக்கான சுற்று இன்று தொடக்கம். தமிழ்க் கடைகள் எல்லாம் பின்னேரம் என்பதால் காலையில் வேலை இல்லை. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சுகிர்தா.

"அக்கா" என்றாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு. மேடம் இன்னும் எழும்பவில்லையாம், அதுதான் மெல்லப் பேசுகிறாளாம். சாப்பாடு இருக்கிறதாம், தூக்கம்தான் இல்லையாம். துணி வெளுக்கிற மருந்து பட்டுக் கை உரிகிறதாம். அம்மாவிடம் சொல்லாதே என்றாள். சரி என்றேன்.

பிறகு கேட்டாள். "ரெண்டு வருஷம் முடிஞ்சு வந்தா அங்க எனக்கு ஒரு வேலை இருக்கும்ல? நீதானே எல்லாரையும் கேக்குற. எப்படிக்கா இருக்கு? கூடுமா, குறையுமா?"

போன அறிக்கை என் திரையிலேயே திறந்து கிடந்தது. நானே போட்ட கோடு. நானே எழுதிய பந்தி. இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்த ஆள் கண்டியில் யாராவது இருந்தால் அது நான்தான்.

"அக்கா? கேக்குதா?"

"கூடும்" என்றேன். "கட்டாயம் கூடும்டி. நீ வா."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அங்க இப்ப மணி என்னக்கா?"

"ஒன்பது."

"காலைலயா?"

"காலைலதான்."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. சிரித்தாளா, அழுதாளா, சொல்ல முடியவில்லை. "சரிக்கா" என்றாள். "நான் பின்னேரம் கேக்க மாட்டேன்." பிறகு, அங்கே கதவு ஏதோ திறந்தது போல, அவசரமாக, "வச்சிட்டு வாரேன்."

வச்சிட்டு வாரேன் என்றாள்.

மஸாஹிரா தன் மேசையிலிருந்து எழுந்து வந்து நின்றாள். "என்னக்கா, என்ன செய்யுது?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வலிக்குது" என்று வந்தது.