மணம் ஏறாத அறை

திங்கள், 6 அக்.

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. வாங்க வேண்டியவை: பருப்பு, சோப்பு, இவருக்குப் பிரஷர் மாத்திரை.

இவர் எழுந்ததும் கைப்பேசிதான். சீனாவில் தேயிலை என்ன விலை என்று பார்க்க வேண்டும். பல் தேய்ப்பதெல்லாம் பிறகு. பார்த்துவிட்டு மூன்றாவது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்து, "இன்னும் எறங்கிருச்சு" என்றார். "சரி, பசியாற வாங்க" என்றேன்.

மூன்றாவது அறை கவிதாவுடையது. மகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதும் தேயிலைக்கு விட்டோம். பழைய சீனத் தேயிலை. வட்டு வட்டாக, காகிதம் சுற்றி, மூங்கில் பட்டையில் கட்டுக் கட்டாக. பழசாகப் பழசாக விலை ஏறும் என்றார் லிம். இவரோடு ஃபேக்டரியில் வேலை பார்த்த சீனர், இப்போது இங்கே பினாங்கிலேயே தேயிலைக் கடை வைத்திருக்கிறார். இவருடைய ஓய்வுக்காலப் பணம் பெரும்பாலும் அந்த அறையில்தான் அடுக்கியிருக்கிறது.

தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்டால் யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே வீட்டில் சாம்பிராணி கூடாது. ஊதுபத்தி, கற்பூரம் கூடாது. கருவாடு கூடவே கூடாது. கேட்டால் ஒரே பதில்: "வித்ததும் தீவுக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவ்ல தரை வீடு. ஒனக்குன்னு தனியா சாமி ரூம். மூட்டை மூட்டையா சாம்பிராணி போடு, யாரு கேக்கப் போறா." இத்தனை வருடமாக அந்த வீட்டில்தான் மனதுக்குள் குடியிருக்கிறேன். சாமி அறை ஜன்னல் எந்தப் பக்கம் என்பது வரைக்கும் தெரியும்.

புதன், 8 அக்.

மழை விட்டது. ஃபெரி ஏறி அக்கரைக்கு, பாகான் டாலாமில் அக்கா வீடு. தீபாவளிக்கு முறுக்கு சுற்ற.

மதியம் கருவாட்டுக் குழம்பு. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன். அக்கா: "கருவாடு திங்கக் கடல் தாண்டி வர்ற ஆளு நீ ஒருத்திதான்." பிறகு, "இலவு காத்த கிளி கேள்விப்பட்டிருக்கேன். அந்தக் கிளிக்குச் சோறு ஊட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கிற கிளிய இப்பத்தான் பாக்குறேன்." சிரித்தேன். சிரித்து முடித்ததும் என்னவோ போல் இருந்தது.

பையில் மாற்றுத் துணி, ஒரு பாஜு. திரும்பும்போது ஃபெரி கழிப்பறையிலேயே மாற்றிக்கொண்டேன். கருவாட்டு வாடையோடு வீட்டுக்குள் போனதே இல்லை.

ஞாயிறு, 12 அக்.

வெயில். முழங்கால் வலி. லிம் ஓர் ஆளைக் கூட்டி வந்தார். கோலாலம்பூர்க்காரர், இங்கே வாங்கிச் சீனாவுக்கு அனுப்புகிறவர். பொட்டலத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். ஓர் அறை நிறையத் தேயிலை இருக்கிறது, அதில் ஒரு வாய் நாங்கள் குடித்ததில்லை.

லிம் மலாயில் சொன்னது: சீனாவில் வாங்கிக் குவித்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்கிறார்கள். முன்பு அங்கிருந்தே ஆட்கள் பறந்து வந்து பினாங்கில் வீடு வீடாகத் தேடினார்கள். இப்போது அங்கேயே மலிவு, இங்கே யார் வருவார்கள். வாங்கிக் குடித்தவன் பிழைத்தான், வாங்கி வைத்தவன் மாட்டினான். தன் கடையிலும் இதே கதைதான் லா என்றார்.

வந்தவர் ஒரு வட்டைப் பிரித்து மூக்கோடு வைத்து வெகுநேரம் முகர்ந்தார். பிறகு சுவரை முகர்ந்தார். அலமாரியை முகர்ந்தார். என்னைப் பார்த்து, இந்தியர் வீடு என்றதும் வரத் தயங்கினேன், ஒரு மணமும் இல்லை, ரொம்ப 'பாகுஸ்', ரொம்ப நல்லது என்றார். வீட்டைக் காத்ததற்கு எனக்கு நற்சான்றிதழ்.

அப்புறம் விலை சொன்னார். வாங்கின விலையில் பாதிகூட இல்லை. இவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவினேன். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

புதன், 15 அக்.

மேகமூட்டம். கவிதா பேசினாள். தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லையாம்.

"அப்பா எப்படி இருக்காரு?"
"சாப்பிடுறாரு. தூங்குறாரு."
"நீங்கம்மா?"
"நானும் அதான்."

மத்தியானம் இவர் மனதைத் தேற்றிக்கொண்டு லிம்முக்குப் போன் போட்டார். சொன்ன விலைக்கே கொடுத்துவிடுகிறேன் என்று ஹொக்கியன் சீனத்தில். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேச்சு. இவர் "ம்", "ம்". வைத்துவிட்டு என்னிடம்: "அந்த ஆளு இப்ப வேணாங்கிறானாம். இன்னும் எறங்குமாம்."

சோற்றுக்கு அரிசி களைந்தேன். அதையே மறுபடி களைந்தேன்.

வெள்ளிக்கிழமை, 17 அக்.

ஐஸ்பெட்டிக் கதவில் இவர் காந்தம் வைத்து மாட்டிய பாலிக் புலாவ் வீட்டு விளம்பரப் படம் இருந்தது. இன்று இல்லை, காந்தம் மட்டும் இருக்கிறது. காந்தத்தில் கரண்ட் பில்லை மாட்டி வைத்தேன்.

இவர் காலையில் கைப்பேசி பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு, 19 அக்.

நாளைக்குத் தீபாவளி. சாயங்காலம் மழை. மாமனார், மாமியாருக்குப் படையல்: கோழி, வடை, புதுத்துணி, மாமாவுக்குப் பிடித்த கருப்புக் காப்பி.

எப்போதும் போல இலையைப் போட்டது மட்டும் வீட்டுக்குள். சாம்பிராணிச் சட்டி வெளியே, ஃப்ளாட் நடைபாதையில். கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துண்டை அடைத்துவிட்டுக் கரியை ஊதிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமாக அவர்களுக்குச் சாம்பிராணி கதவுக்கு அந்தப் பக்கம்தான்.

கதவு திறந்தது. இவர் துண்டைக் காலால் ஒதுக்கினார். "சாரல் அடிக்குது. உள்ள கொண்டா."

கொண்டுவந்தேன். இலைக்குக் காட்டினேன். கூடம், அடுப்படி, எங்கள் அறை. மூன்றாவது அறை வந்ததும் கால் தானாகத் திரும்பிவிட்டது. இவர் முன்னால் போய் அந்தக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"இங்கயும் காட்டு."
"தேயிலைல மணம் ஏறிரும்ங்க."
"ஏறட்டும்."

காட்டினேன். ஒவ்வொரு மூலைக்கும். சாமி அறை ஜன்னல் ஞாபகம் வந்தது. இவர் இருமினார், ஆனால் கதவை விடவில்லை.