ரெண்டு கூடையும் என்னோடதுதான்

இன்று வெள்ளிக்கிழமை. சாமி படத்தைத் துடைக்க எடுத்தபோது பின்னால் செருகி வைத்திருந்த பழுப்புக் கவர் கீழே விழுந்தது. உன் பெயருக்கு வந்த கவர். போன மாதம் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி அதை என் கையில் கொடுத்து, "இந்தாம்மா, கவர்மெண்டு சூராட், கடுதாசி. அந்தம்மாவுக்கு இங்க வேற யாரு இருக்கா, நீயே வச்சுக்க" என்றார். மலாய் மொழியில் இருந்ததால் அவரையே படிக்கச் சொன்னேன். உன்னை வேலையிலிருந்து நீக்கிய வழக்கை மறுபடி முதலிலிருந்து விசாரிக்கப் போகிறார்களாம். நீ ஈப்போவுக்கு நேரில் வந்து உன் பக்கத்தைச் சொல்ல வேண்டுமாம். வரத் தவறினால் நீ இல்லாமலே முடிவு எடுத்துவிடுவார்களாம்.

நீ செத்து ஏழு மாதம். தொழிற்சங்கத்துக்காரரிடம் நான் சேதி சொல்லி, அவர் கோர்ட்டுக்கு எழுதுவதற்குள் இவர்கள் தேதி குறித்துவிட்டார்கள். தோட்டத்தில் உன்னை ஒரு வார்த்தை பேசவிடாமல் துரத்தினார்கள். இப்போது வந்து பேசு, வந்து பேசு என்று ஒரு தாள் கெஞ்சுகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிராணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உன்னிடம் ஒன்றை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. உனக்குத் தெரிந்ததுதானே என்று பத்து வருஷம் தள்ளிப் போட்டேன். அந்தக் கூடை என்னுடையது. உன்னை வேலையை விட்டும் வீட்டை விட்டும் கிளப்பிய அந்த இரண்டாவது கூடை என்னுடையது. எனக்காகத்தான் நீ அதில் கொழுந்து போட்டாய்.

உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தானே இருந்தது. காலையில் அதைத் தட்டி, "எந்திரிடி மகாராணி, தேயிலச் செடி உன்னத் தேடி வீட்டுக்கு வராது" என்பாய். நான் முனகுவேன். மறுபடி தட்டுவாய். அந்த லைன் வீடுகளில் யாரும் கடிகாரம் பார்த்து எழுந்ததில்லை. நீ தட்டுகிற சத்தத்தில்தான் எழுந்தோம்.

நம் மலையில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைத்தாச்சியோ காய்ச்சல்காரியோ நிரையில் பின்தங்கினால், முன்னால் போனவர்கள் திரும்பி வந்து ஆளுக்கு ஒரு கைப்பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். நிறை குறைந்துகொண்டே போனால் ஆள் பதிவேடான செக்ரோலில் அவள் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் லைன் வீடும் போய்விடும். அதனால் எல்லாரும் போட்டார்கள். கங்காணிக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து அவர் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்பார்.

எனக்கு அது மூன்றாவது வயிறு. முதல் இரண்டும் தங்கவில்லை. என் வீட்டுக்காரர் கையில் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவரின் அடையாள அட்டை. அப்படிப்பட்டவர்களுக்கு வேலைக்குப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவருக்கும் கிடைக்கவில்லை, உன் வீட்டுக்காரருக்கும் கிடைக்கவில்லை. உன்னவர் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார். போனவர் ஒரு வரி எழுதவில்லை. "நான் பொறந்தது ரிங்லெட்டுல. அங்க போயி யாரு வீட்டு வாசல்ல நிக்கச் சொல்ற?" என்று நீ இங்கேயே இருந்துவிட்டாய். என்னவர் காய்கறிக் காடுகளில் மறைவாக வேலை பார்த்தார். ஆகவே எங்கள் வீடு என் ஒருத்தி பெயரை நம்பி நின்றது.

அன்று நான் மேட்டுக்கு அந்தப் பக்கம் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். நீ என் கூடையில் கொழுந்து போட்டுக்கொண்டிருந்தாய். புதிதாக வந்த உதவி மேனேஜர், சின்ன துரை, ரோட்டில் மோட்டாரை நிறுத்திவிட்டுச் செடிகளுக்குள் இறங்கி வந்தார். வெள்ளைக்காரன் போன பிறகும் துரை என்கிற பெயர் போகவில்லையே, அந்த வகைத் துரை. அவர் கிட்டே வருவதற்குள் என் கூடையில் கம்பியால் கட்டியிருந்த நம்பர் தகட்டை நீ பிய்த்துப் புதருக்குள் எறிந்துவிட்டாய்.

"யார் கூடை இது?"

"ரெண்டு கூடையும் என்னோடதுதான் தொர."

ஓர் ஆளுக்கு ஒரு கூடைதான் தருவார்கள். அடுத்தவள் கொழுந்தைத் திருடி நிறை ஏற்றுகிறாள் என்று அவர் எழுதிக்கொண்டார். நான் வாயைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து வரவில்லை. எனக்கு வாந்தி என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகக் கங்காணி சொன்னார். அவரும் தன் பங்குக்கு ஒரு பொய்யைப் போட்டார்.

மூன்று நாள் கழித்து ஆபீசில் விசாரணை நடந்தது. உன்மேல் குற்றம் சொன்னவர் சின்ன துரை. உன்னைக் கேள்வி கேட்டவரும் அவர்தான், முடிவை எழுதியவரும் அவர்தான். அவர் உட்கார்ந்திருந்தார், நீ நின்றாய். நீ ஏதோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார். லைனில் பாதிப் பேர் வாசலில் நின்றோம். நான் ஐந்து மாத வயிற்றோடு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விசாரணை ஒழுங்காக நடந்தது என்று காட்ட ஒரு கேள்வி கேட்க வேண்டும் போலிருக்கிறது. கிராணி வாசலுக்கு வந்து, "இந்தம்மாவுக்காகப் பேச யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். கதவு திறந்திருந்தது. நீ என்னைப் பார்த்தாய். வேண்டாம் என்று தலையை ஆட்டினாய்.

அந்தத் தலையாட்டலைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் பிழைத்தேன். அவளே வேண்டாம் என்றாள், நான் என்ன செய்வேன் என்று. எல்லாம் பொய். நீ தலையை ஆட்டாமல் இருந்திருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நீ ஆட்டியபோது எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது. இதை எழுதுகிற கையை எனக்கே பிடிக்கவில்லை.

வீட்டைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுத்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் நீ சட்டிகளைச் சாக்கில் கட்டுகிற சத்தம் கேட்டது. நான் வந்து வாசலில் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும், "மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு நின்னா புள்ளையும் அப்படியே பொறக்கும். போ உள்ள" என்றாய். அப்புறம் குரலைத் தணித்து, "எனக்கு ஒத்த உசுரு, ஒரு மூலை போதும். உனக்கு ரெண்டு. எங்கயாச்சும் வாயத் தொறந்த, நானே வந்து பல்லத் தட்டுவேன்" என்றாய். முட்டைக்கோஸ் ஏற்றப் போன லோரியில் உன் சாமான்களை ஏற்றினோம். லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறிக் காட்டில் உனக்குத் தகரக் கொட்டகை கிடைத்தது. நீ போன பிறகு நம் மலையில் யாரும் யார் கூடையிலும் ஒரு கைப்பிடி போடவில்லை. பயந்துவிட்டோம்.

என் மகள் பிறந்தாள். தங்கினாள். முதலில் வாராவாரம் அவளைத் தூக்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன். பிறகு மாதம் ஒருமுறையானது. பிறகு தீபாவளிக்குத் தீபாவளி. உன் கொட்டகையைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தக் கூடைதான் தெரிந்தது. அதனால் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

சங்கத்துக்காரர் மட்டும் உன் வழக்கை விடவில்லை. தொழில் நீதிமன்றத்தில் உனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே தாள் வருஷக்கணக்கில் கிடந்தது. கடைசியில் வந்த தீர்ப்பை அவர் உன் கொட்டகைக்கு வந்து விளக்கினார். நானும் அன்று இருந்தேன்.

"பாத்தவரே குத்தம் சொல்லி, அவரே தீர்ப்பும் எழுதுனது நியாயமில்லன்னு ஜட்ஜு சொல்லிட்டாரு. அது நமக்கு நல்லது. ஆனா ரெண்டும் என்னோடதுன்னு நீங்க சொன்னத கீழ்க்கோர்ட்டு அப்படியே எடுத்துக்கிச்சாம். அந்த ரெண்டாவது கூட நெஜமா யாரோடதுன்னு தோண்டிக் கேக்கலையாம். அதனால திரும்ப மொதல்லேருந்து விசாரிக்கணும்னு அனுப்பிட்டாங்க."

"எத்தன வருஷம் ஆச்சு?" என்று கேட்டாய்.

"ஒம்பது."

"அலாமாக்! மொதல்லேருந்தா? மொதல்ல இருந்தவ இப்ப எங்க இருக்கா, அவளையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலாகி வெகு நேரம் நிற்கவில்லை. அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அவர் போனதும் நான் சொன்னேன், "இந்தத் தடவ நான் வர்றேன். கூடை என்னோடதுன்னு சொல்லிடுறேன்." அதற்குள் என் வீட்டுக்காரருக்குக் குடியுரிமையோடு நீல ஐசி கிடைத்திருந்தது. தோட்டத்திலேயே வேலையும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீடு இனி எங்கேயும் போகாது. ஆபத்தெல்லாம் போன பிறகு எனக்கு வீரம் வந்தது.

"இப்பவா?" என்றாய்.

கோபம் வந்தால் உன் குரல் தாழ்ந்துதான் போகும். "ரெண்டும் என்னோடதுன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கேன். இப்ப நீ வந்து இல்லன்னு சொன்னா நான் பொய்ச் சத்தியம் பண்ணுனவளா நிக்கணும். அன்னிக்குப் பேசியிருந்தா நீ போயிருப்ப. இன்னிக்குப் பேசுனா நான் போவேன். பேசாம ஊட்டுக்குப் போ."

போனேன். அதுதான் நீ தெளிவாக என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. அடுத்த முறை நான் வந்தபோது நீ பாயில் கிடந்தாய். என்னைப் பார்த்து யாரு என்று கேட்டாய். பக்கத்து வீட்டுக்காரி என்றேன். அதற்குமேல் என்னை என்ன சொல்லிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைத் தோட்டத்துச் சுடுகாட்டுக்குக் கொண்டுவர நாங்கள் கேட்டோம். இப்போது வேலையில் இல்லாத ஆளாயிற்றே என்று ஆபீசில் இழுத்தார்கள். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் காய்கறிக் காட்டுக்காரர்களே ரிங்லெட்டில் உன் ஈமக்காரியத்தை முடித்துவிட்டார்கள்.

அந்தக் கவரோடு நான் ஈப்போவுக்குப் போனேன். தாப்பா இறக்கத்து வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். பொய்ச் சத்தியம் என்று இனி உன்னை யார் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்துக்கொண்டேன். அறை சின்னதுதான். உன் பெயரைக் கூப்பிட்டார்கள். சங்கத்துக்காரர் எழுந்து நீ இறந்துவிட்டாய் என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். நீதிபதி அதைப் படித்தார். கம்பெனி வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். இல்லாத ஆளைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்ல முடியாது, வழக்கு இதோடு முடிகிறது என்றார்கள். ஒரு பானை உலை கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

நான் எழுந்து நின்றேன். "ஐயா, அந்தக் கூடை என்னோடதுங்க. எனக்கு அப்ப அஞ்சு மாசம். அவங்க திருடல."

மொழிபெயர்ப்பாளர் சங்கத்துக்காரரைப் பார்த்தார். நீதிபதி அவரிடம் ஏதோ கேட்டார். பிறகு என்னை முழுவதும் பேசவிட்டார். உண்மையாகவே கேட்டார். நான் புதரையும் தகட்டையும் ஆபீஸ் வாசலையும் சொல்லி அழுது முடிக்கிறவரை ஒருவரும் குறுக்கே பேசவில்லை. நீதிபதி மெதுவாகப் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் என்னிடம் சொன்னார், "ஐயா ரொம்ப வருத்தப்படுறாரு. ஆனா இப்ப வழக்குன்னு ஒண்ணு இல்லம்மா. வழக்கு இல்லாம நீங்க சொல்றத எழுதிக்க முடியாது. உக்காருங்க."

எழுதிக்கொண்டிருந்த பெண் நான் பேச ஆரம்பித்தபோதே பேனாவை மூடி வைத்துவிட்டிருந்தாள். அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அத்தனை பேரும் நல்லவர்களாக இருந்தார்கள், நான் யாரைப் போய் சபிப்பேன்? தோட்டத்துப் பதிவில் நீ இன்றைக்கும் திருடிதான். அதை அழிக்க இனி ஒரு வழியும் இல்லை. நீ இருந்தபோது சொல்ல பயந்தேன். சொல்ல வந்தபோது நீ இல்லை, கேட்டவர்களுக்கு எழுத இடமும் இல்லை.

நான் திரும்பி வந்து இதே வீட்டில் சோறாக்கினேன். மகள் சாப்பிட்டாள். நான் இருக்கிற கூரை, அவள் உட்கார்ந்து சாப்பிட்ட தரை, எல்லாம் நீ விட்டுக்கொடுத்தது. இதைத்தான் நான் தினமும் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறேன்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் கிராணி செக்ரோலைப் பிரித்து என் பெயரை வாசித்தார். இருக்கேன் என்றேன்.