வலப்பக்கம் நான்கு அடி

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் வலப்பக்கம் நான்கு அடி.

ஏரியின் அக்கரையில், ஆரஞ்சு மிதவைக்கு நேராக நான் நிற்க வேண்டும். இக்கரையிலிருந்து அவர் ரிமோட்டைப் பிடித்துப் படகை முழு வேகத்தில் என்னை நோக்கி விடுவார். மிதவையை விட்டு எத்தனை அடி விலகிப் போகிறது என்று நான் குறித்துக்கொள்ள வேண்டும். பதினோரு வருடமாக எங்கள் ஞாயிற்றுக்கிழமை இதுதான். மற்றவர்கள் மனைவியை சினிமாவுக்கு அழைத்துப் போகிறார்கள்.

ஏப்ரல் பதினான்கு கிளப் பந்தயம். "நேரா மட்டும் ஓடட்டும். இந்தத் தடவை கோப்பை நம்ம அலமாரியிலதான்" என்கிறார். போன வருடம் நான்காவது இடம். இரண்டரை அடிப் படகு, அடிப்பலகை முதல் அவர் கட்டியது. அது அவர் சொன்னதைக் கேட்காமல் போவது இதுதான் முதல் முறை.

கிளப்பில் எல்லோரும் மீசை என்று கூப்பிடுகிறவர் கேலி செய்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். படகை ஏன்யா திட்டற?" சிரித்தோம். அவரும்தான்.

மார்ச் 6

சாப்பாட்டு மேஜை முழுக்கப் படகு. தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். பேட்டரியை ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தினார். சுக்கானை மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், சாய்வே இல்லை. கடுகளவு ஸ்குரூ ஒன்றை மாட்டப் போனார். மூன்று முறை விழுந்தது. "மட்டமான சரக்கு, வழுக்குது" என்றார்.

நான் மாட்டினேன். வழுக்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

புது சுக்கான். ஐந்து அடி.

மார்ச் 13

நான்காவது நாளாக அவர் பொத்தான் இல்லாத டி-ஷர்ட்டில்.

மார்ச் 17, ஞாயிறு

அவர் காரில் பேட்டரி எடுக்கப் போயிருந்தார். மீசை ரிமோட்டை என் கையில் திணித்தார். "அண்ணி, சும்மா ஒரு தடவை நீங்க விடுங்க. நேராப் போக ஆரம்பிச்சதும் ரிமோட் சக்கரத்துலேர்ந்து கையை எடுத்துடுங்க."

எடுத்தேன். நூல் பிடித்த மாதிரி போனது. மிதவையை உரசிக்கொண்டு.

முதலில் செய்திருக்க வேண்டிய சோதனை. படகு கட்டுகிற எவருக்கும் தெரியும். அவர் ஏன் ஒரு தடவைகூடக் கையை எடுக்கவில்லை? நான் ஏன் கேட்கவில்லை?

மீசை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நான் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னேன், அண்ணி."

"அவர்கிட்ட சொல்லாதீங்க" என்றேன்.

மார்ச் 18

கண்ணாடிக் கடையில் இன்று பதினாறு பேருக்குக் கண் பார்த்தேன். இது தெளிவா, முன்னது தெளிவா? ஒரு அம்மாவிடம், "இடது கண்ணைக் கண்ணாடியால சரி பண்ண முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். ஊரார் கண்ணுக்கெல்லாம் சொல்லத் தெரிகிறது.

அவர் வலது கை. இரவு தூங்கும்போது பிடித்துப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது. எப்போதும் போலத்தானா?

மார்ச் 20

செய்துவிட்டேன்.

ரிமோட்டில் திருத்தினால் திரையில் எண் தெரியும், பார்த்துவிடுவார். அதனால் படகின் மூடியைத் திறந்து, சுக்கானுக்குப் போகும் கம்பியின் மரையை இரண்டு சுற்று திருகினேன். சுக்கான் இடப்பக்கம் கொஞ்சம் திரும்பி நிற்கிறது. அவர் கை வலப்பக்கம் அமுக்குவதற்கு இது ஈடு. கோணல் கண்ணுக்குக் கோணல் கண்ணாடி — தினமும் செய்கிற வேலைதானே. தண்ணீர் புகாதபடி மூடியின் மேல் அவர் ஒட்டுவதுபோலவே டேப் ஒட்டினேன், மூலைகளை மடித்து.

மார்ச் 24, ஞாயிறு

நேராக ஓடியது. அக்கரையில் நின்ற எனக்கே அவர் சிரிப்பது கேட்டது. "பேட்டரிதான்டி! நான் அப்பவே சொன்னேன்ல?"

"ஆமாங்க, நீங்க அப்பவே சொன்னீங்க."

மார்ச் 31, ஞாயிறு

மறுபடி மூன்று அடி. இரவு இரண்டு சுற்று.

ஏப்ரல் 7, ஞாயிறு

நான்கு அடி. மூன்று சுற்று. மொத்தம் ஏழு. மரையில் இன்னும் நான்கு சுற்றுதான் மிச்சம். அதற்கப்புறம்?

ஏப்ரல் 14, ஞாயிறு

ஒன்பது படகு. ஆறு சுற்று, எல்லாத் திருப்பமும் வலப்பக்கம். நேர்ப்பாதையில் நம்முடையதுதான் முன்னால். ஒவ்வொரு மிதவையிலும் அகலமாகத் திரும்பிப் பின்தங்கியது. ஏழாவது.

மீசை பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். "ஏழாவதுக்கு இதான்யா கோப்பை." அவர் இடது கையால் வாங்கிக்கொண்டார்.

கார் கதவைச் சாத்தியதும் கேட்டார். "எத்தனை சுத்து?"

பந்தயத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "ஆறு" என்றேன்.

"கம்பியில."

சாவியை மடியில் வைத்தேன். "ஏழு."

"வலப்பக்கம் திரும்ப இடமே இல்ல. சுக்கான் முன்னாடியே இடதுல நிக்குது. நான் கட்டின படகு. எனக்குத் தெரியாதா?" பிறகு, "கையை எடுத்துப் பாக்கப் பயமா இருந்துச்சு" என்றார்.

ஏப்ரல் 18

நரம்பு டாக்டர் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். எப்போதிலிருந்து, எவ்வளவு வேகமாக என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து அடிக்கணக்கை வாசித்தேன். நான்கு, ஐந்து. திருகிய பிறகு மூன்று, மறுபடி நான்கு. டாக்டர் எழுதிக்கொண்டார். யாரும் இவ்வளவு துல்லியமாகக் கொண்டுவருவதில்லையாம்.

மே 9

மருந்து நோயின் வேகத்தைக் குறைக்குமாம். நிறுத்தாதாம். சொல்லாமல் ஒரு மாதத்தை விழுங்கிவிட்டேன் என்று அழுதேன். "நானுந்தானே விழுங்கினேன். சாப்பிடு" என்றார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் மூடியைத் திறந்து ஏழு சுற்றையும் பழையபடி திருப்பிவிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார்.

மீசை மடக்கு நாற்காலியை அக்கரைக்குத் தூக்கிப் போனார், அவரைப் பிடித்து உட்காரவைத்தார். நோட்டை மடியில் வைத்தார். ரிமோட்டோடு இங்கிருந்து பார்த்தால் அக்கரை ரொம்பத் தூரம். இத்தனை வருடம் எனக்குத் தெரிந்ததில்லை.

விட்டேன்.

"எத்தனை அடி?" என்று கத்தினேன்.

அவர் குரல் மெலிந்துவிட்டது. மீசைதான் வாங்கிக் கத்தினார். "ரெண்டு அடி வலது! படகுல ஒண்ணும் இல்லையாம், அண்ணி! உங்க கைதான் நடுங்குதாம்!"