சிந்துவுக்கு என்ன ஞாபகம்

ஜூன் 4, செவ்வாய்

சோளகக் காற்று. நெடுந்தீவு முழுக்கப் புழுதி. கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன், அப்பா இதைத் திறக்கமாட்டார்.

தங்கச்சி சிந்து இன்று படலையடியில் நின்று “ஓடு, ஓடு” என்று கத்தினாள். ஆட்டுக்குட்டிக்குத்தான். அந்த நாள் இவளுக்கு ஞாபகமோ என்று பயந்துவிட்டேன்.

போன வருடம் அம்மாவுக்கு நெஞ்சு நோ. “ஓடிப்போய்ப் படகை மறி பிள்ளை, பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணும்” என்றார். வாய்வாக இருக்கும் என்று நினைத்தேன். போனில் நாடகம் முடிய இன்னும் ஐந்து நிமிடம். முடித்துவிட்டுத்தான் ஓடினேன். கயிறு அவிழ்த்தாயிற்று. அடுத்த படகு வருவதற்குள் அம்மா இறந்துவிட்டார். படகு முந்திப் போய்விட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். உண்மை தெரிந்தது பக்கத்தில் இருந்த சிந்துவுக்கு மட்டும். அப்போது இரண்டரை வயது.

ஜூன் 6, வியாழன்

சுகாதாரப் பாடம். சின்னப் பிள்ளைகளுக்கு எந்த வயதிலிருந்து ஞாபகம் நிற்கும் என்று கேட்டேன். டீச்சர்: “மூண்டு வயசுக்கு முந்தினது அநேகமாப் போயிடும். வீட்டில திருப்பித் திருப்பிக் கதைச்சாத்தான் கொஞ்சமாவது நிக்கும். ஏன் கேக்கிறீர்?”

“சும்மா, டீச்சர்.”

பின்வரிசை வாங்கில் மாலினி: “இவ டொக்டராகப் போறா.”

அப்போ பயமில்லை. ஒரு வருடமாக சிந்துவிடம் அம்மாவைப் பற்றி நான் கதைத்ததே இல்லை. அம்மாவின் சட்டைகளையும் அலுமாரியின் மேல்தட்டில் ஒளித்துவிட்டேன். அப்பா அழுகை வரும் என்று கதைப்பதில்லை.

சவர்க்காரம் முடிந்தது. சிந்துவுக்குச் செருப்பும் வாங்கவேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

அம்மா இறந்து ஒரு வருடம், ஆட்டத்திவசம். காலைப் படகில் சின்னம்மா வந்தார். சிந்துவைத் தூக்கி மாலை போட்ட படத்தைக் காட்டினார்.

“ஆரடி குஞ்சு இது?”

சிந்து படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அக்கான்ர அம்மா.”

வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

ஜூன் 10, திங்கள்

காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் நின்றேன். படத்தை இறக்கி மடியில் வைத்து சிந்துவுக்குச் சொன்னேன். அம்மா பனங்கிழங்கு மாவில் அவித்த ஒடியற் புட்டை உருட்டி உருட்டித் தருவா. சீப்பால் தலை இழுக்க நீ கத்துவாய்.

“என்ர அம்மாவோ?”

“ஓம். உன்ர அம்மாதான்.”

“பிறகு?”

சொன்னேன். “பிறகு?” இன்னும் சொன்னேன். விடவில்லை. நெஞ்சு நோ வந்த நாள்வரை வந்துவிட்டது.

“படகை மறிக்கச் சொன்னவ. அக்கா பிந்திப் போனனான்.”

நிமிர்ந்தால் வாசலில் அப்பா, ஒரு செருப்பைக் கழற்றியபடி.

அந்தச் செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனவர், இருட்டியும் இன்னும் வெளியில்தான் இருக்கிறார்.