இதைச் செய்பவர்: கணவர்

மார்ச் 4, செவ்வாய்

மொட்டை, என் வழுக்கைப் புருஷா, நீ போய் இன்றோடு பத்தொன்பது நாள். என் தலையில் சீப்பு பட்டு ஆறு நாள். மகள் ஊருக்குக் கிளம்புகிற அன்று பின்னிவிட்டுப் போனாள். அந்தப் பின்னலோடுதான் படுக்கிறேன், எழுகிறேன். வலது கை தோளுக்கு மேலே எழும்பாது, பாரமும் தாங்காது. குளியலை எப்படியோ ஒப்பேற்றிவிடுகிறேன், தலையில் இடது கையால் முன்பக்கம் மட்டும் தடவிக்கொள்கிறேன். பின்பக்கம் கயிறு மாதிரி ஆகிவிட்டது.

எதிர் அறைத் தையல்காரிக்கு இன்றைக்குத் தலைக்குக் குளியல். சக்கர நாற்காலியைக் கதவு ஓரமாகப் போட்டுக்கொண்டு, கதவையும் திறந்து வைத்துக்கொண்டு, உதவிக்கு வருகிற பெண் துவட்டத் துவட்ட, "காதுக்குள்ள தண்ணி போகுது கண்ணு, பாத்து" என்று ஒரே கொஞ்சல். அறுபத்தெட்டு வயசுக் குழந்தை.

எனக்கு வயிறு எரிந்தது. நோட்டில்தானே எழுதுகிறேன், யார் பார்க்கப்போகிறார்கள். எரிந்தது.

மார்ச் 6, வியாழன்

வெட்கத்தை விட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "எனக்கும் கொஞ்சம் சீவி விடேன்மா."

"செய்யணும்னு ஆசைதாம்மா. ஆனா உங்க தாள்ல தலைக்கு நேரே கணவர்னு போட்டிருக்கு. தாள்ல இல்லாத வேலையைச் செஞ்சா என்னைக் கேப்பாங்க. பத்து ரூம் பாக்கணும் நான்."

அந்தத் தாள் உனக்கு ஞாபகம் இருக்கும். இந்த அரசாங்க இல்லத்தில் நாம் சேர்ந்த அன்று ஆளுக்கு ஒன்று போட்டார்கள். என்னென்ன உதவி வேண்டும், எதிரே ஒரு கட்டம், 'இதைச் செய்பவர்' என்று. என் தாளில் குளிக்க, ரவிக்கைக் கொக்கி மாட்ட, தலை பின்ன, எல்லாவற்றுக்கும் நீ 'கணவர்' என்று எழுதினாய். முப்பது வருஷம் தபால் கொடுத்த கை, எழுத்து மணி மணியாக இருந்தது. உன் தாளில் மாத்திரைக்கும் நகத்துக்கும் 'மனைவி' என்று நான்தான் போடச் சொன்னேன். மேற்பார்வை அம்மாகூட, "அப்ப எங்களுக்கு இங்க வேலையே இல்லையா?" என்று சிரித்தார்கள். நமக்கு எவ்வளவு பெருமை அன்றைக்கு. வேறு யாரும் நம்மைத் தொட வேண்டாம் என்று.

உன் தாளை எடுத்துக் கட்டிவைத்துவிட்டார்கள். என் தாளில் மட்டும் நீ இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

மார்ச் 7, வெள்ளி

தையல்காரி அந்தப் பெண்ணிடம் எனக்கு ஒரு பெரிய பல் சீப்பு கொடுத்தனுப்பினாள். திருப்பி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

மேற்பார்வை அம்மா வந்தார்கள். நல்லவர்கள்தான். தலையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"சிக்கு விழுந்து போச்சே. பேசாம கிராப்பு வெட்டிடலாமே. உங்களுக்கும் சுலபம், எங்களுக்கும் சுலபம்."

"வேண்டாங்க."

"அப்ப தாளை மாத்தணும். கணவர்ங்கறதை அடிச்சிட்டு 'இல்லம்'னு போடணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

நான் பின்னலை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். இருபதாம் தேதி முடிவெட்டுகிறவர் வருகிறாராம். "யோசிங்க. இப்போதைக்கு உங்க பேரைப் பட்டியல்ல சேத்து வைக்கிறேன்" என்று போனார்கள்.

அடிக்கணுமாம் மொட்டை. உன்னை. ஒரு கோடு இழுத்தா முடிஞ்சுதாம். நாப்பத்தோரு வருஷத்துக்கு ஒரே ஒரு கோடு. நான் அடிக்க மாட்டேன். முடியும் போகக்கூடாது, நீயும் போகக்கூடாதுன்னா — ரெண்டும் எப்படி நடக்கும்? நடக்காது. தெரியுது. தெரிஞ்சு என்ன பண்ண?

மார்ச் 13, வியாழன்

சாப்பாட்டுக்கூடத்தில் தையல்காரி என் மேசைக்கே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர்தான் எனக்கு மனு எழுதிக் குடுத்தார், தெரியுமா? பத்து நாளைக்கு ஒரு தடவைதான் என்னைக் குளிப்பாட்டுனாங்க. லிஃப்ட் பக்கத்துல நம்ம உரிமையெல்லாம் ஒட்டியிருக்குல்ல, அதைப் படிச்சுக் காட்டினதே அவர்தான். மூணு மத்தியானம் உக்காந்து எழுதினார். அப்புறம்தான் வாரம் ரெண்டு குளியல் வந்துச்சு."

அக்காவாம். என்னைவிட இரண்டு வயசு பெரியவள்.

மூன்று மத்தியானம். கீழே பேப்பர் படிக்கப் போகிறேன் என்றுதானே என்னிடம் சொன்னாய்? நான் தூங்கி எழுந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், நீ வந்து கொக்கி மாட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நீ அங்கே அவளுக்கு அரசாங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாயாக்கும்.

சொல்லும்போது அவள் கண் நிறைந்துவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவ எதுக்கு அழறா? புருஷன் செத்தது எனக்கு. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவளுக்கு எழுதிக் கொடுத்தாய். எனக்கு ஏன் எழுதி வைக்கவில்லை? நீ இருக்கிறாய் என்ற தைரியமா? அந்தத் தைரியம்தானே இப்போது தலையில் சிக்காக இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கிழிக்கலாமா என்று இருந்தது. பொறாமைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 17, திங்கள்

லிஃப்ட் பக்கத்துச் சுவருக்குப் போனேன். அவளுக்குப் படித்துக் காட்டியதை நானும் படித்தாக வேண்டும் என்று ஒரு வீம்பு. பாதியை மறைத்துச் சாப்பாட்டுப் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தேன். நாலாவது படித்தவளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

நம்மைக் கேட்காமல் குளிப்பாட்டவோ முடியை வெட்டவோ அறை மாற்றவோ கூடாதாம். தாளை எந்த நாளும் மாற்றச் சொல்லலாமாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுவார்களே, அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தாளைப் பற்றிப் பேச்சு நடக்கும்போது நமக்கு வேண்டிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமாம்.

நேரே அலுவலக அறைக்குப் போனேன். "வெட்டுற பட்டியல்ல இருந்து என் பேரை எடுத்துடுங்க. சுவத்துல போட்டிருக்கு." சொல்லிவிட்டேன். மேற்பார்வை அம்மா பட்டியலைத் திறந்து என் பேரைத் தேடினார்கள். எடுத்துவிட்டார்கள். "புதன்கிழமை பெரிய ஆபீஸ்ல இருந்து அதிகாரி வர்றார். தாளைப் பேசி முடிச்சிடுவோம். யாரைக் கூட்டிட்டு வர்றீங்க?"

மகளுக்குப் போன் போட்டேன். லீவு இல்லையாம். "ஸ்பீக்கர்ல இருக்கேம்மா" என்கிறாள். ஸ்பீக்கர் என் பக்கத்தில் உட்காருமா?

யாரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதுதான் எரிச்சல்.

மார்ச் 18, செவ்வாய்

அவள் கதவுக்குப் போனேன். உள்ளே போகவில்லை.

"நாளைக்கு என்கூட வர்றியா? உனக்கு அந்தத் தாள் விவகாரம் பழக்கம்."

"வர்றேங்க்கா. வண்டியை யார் தள்ளுறது?"

"நான்தான்."

"ஒத்தைக் கையாலயா?"

"வேற எத்தனை கை இருக்கு எனக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 19, புதன்

வண்டியை இடது கையால் தள்ளினால் வலது பக்கமாகவே இழுக்கிறது. சுவரில் இரண்டு தடவை இடித்துத்தான் போய்ச் சேர்ந்தோம்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "கணவர்ங்கறதை அடிச்சிடலாங்களா?"

நான் இடது கையால் அந்தத் தாளை மூடிக்கொண்டேன். தையல்காரிதான் பேசினாள். "அடிக்காதீங்க சார். புதுத் தாள் போடுங்க. பழசை அவங்ககிட்ட குடுத்துடுங்க."

"பழசு கோப்புல இருக்கணும்மா."

"அப்ப கோப்புல நகல் இருக்கட்டும். அவர் கையெழுத்து உங்களுக்கு எதுக்கு?"

அவர் மேற்பார்வை அம்மாவைப் பார்த்தார். அவர்கள் எழுந்துபோய் நகல் எடுத்து வந்து, உன் எழுத்தை என் மடியில் வைத்தார்கள்.

புதுத் தாளில் 'இதைச் செய்பவர்: இல்லம்'. நானே என் கையால் எழுதினேன். அடுத்த கட்டம், 'எப்படிச் செய்ய வேண்டும்'. நமக்கு வழக்கமான மாதிரிதான் செய்ய வேண்டுமாம், அதுவும் உரிமையாம். "எப்படிப் பின்னுவாங்க, சொல்லுங்க" என்றார் அதிகாரி.

எனக்குத் தெரியவில்லை மொட்டை. தோள் போனதில் இருந்து இரண்டு வருஷம் தினமும் நீ பின்னினாய், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?

"நான் சொல்றேன்" என்றாள் அவள். "முதல்ல நுனியில இருந்துதான் சிக்கெடுப்பார். அப்புறம் நடுவுல வந்து, கடைசியாத்தான் மேல. வகிடு எடுக்க மாட்டார். மூணு கால் பின்னல், தளர்வா. பாதியில ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்குவார். கதவு திறந்திருக்குமே, தினம் பாப்பேன்."

அவர் எல்லாவற்றையும் எழுதினார், மூச்சு வாங்குவதைத் தவிர. எனக்கு அவளை அறையவும் தோன்றியது, அவள் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லவும் தோன்றியது.

மார்ச் 20, வியாழன்

காலையில் அந்தப் பெண் வந்து தாளைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். ஒன்றரை மணி நேரம். கொஞ்சம் முடி போயிற்று, மிச்சம் தப்பியது. கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன். தையல்காரி எதிரே இருந்து, "மெதுவா, மெதுவா" என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தாள்.

முடிந்ததும் கேட்டேன். "சரியா இருக்கா?"

"பின்னல் அதேதான் அக்கா. ஆனா அவர் பின்னும்போது சிரிச்சுக்கிட்டே இருப்பார். வாயே அசையாது, முகம் மட்டும். இந்தப் பொண்ணு பாவம், தாளையே பாத்துட்டு இருக்கா."

இரண்டு வருஷம். நான் ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் தினமும் பார்த்திருக்கிறாள்.

என் பின்தலையில என்ன இருந்துச்சுன்னு, மொட்டை, அப்படிச் சிரிச்சே?