தீக்குச்சியில் நிற்கும் பலகை

காலை ஐந்து நாற்பது.

என்னங்க, உங்களை எழுப்பவில்லை. எழுப்பினால் மறுபடியும் சண்டைதான், எனக்கு பஸ் போய்விடும். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது.

பழைய கதவை அறுத்து நீங்கள் மாட்டிய புத்தகப் பலகை பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சுவரில் துளை பெரிதாகிவிட்டது என்று, அதற்குள் வைக்கும் பிளாஸ்டிக் பிளக் வாங்காமல் தீக்குச்சிகளைச் செருகித் திருகாணியை முடுக்கியிருக்கிறீர்கள். தீப்பெட்டி ஏன் காலியானது என்று இப்போதுதான் புரிந்தது. சற்று முன் விரலால் தொட்டேன். திருகாணி காரையோடு கையில் வந்துவிட்டது. அதற்கு நேர் கீழே நம் மகளின் தலையணை.

புத்தகங்களை இறக்கிவிட்டேன். கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் பத்து மணிக்கு டிரில்லும் பிளக்கும் கொண்டு வருவார். “நானே பாத்துக்குறேன்” என்று அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

தாளில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். மகள் கட்டிலில் இல்லை, தரையில் போர்வையை விரித்துப் படுத்திருந்தாள். பலகை ஆடுவது அவளுக்கு மூன்று நாளாகத் தெரியுமாம். அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா, போன தடவ மாதிரி அப்பா நம்மகூடப் பேசாமலே இருந்துடுவாராம்மா?”