தண்ணீர்த் தாங்கியில் வல்லூறு

நவம்பர் 12, 2023
பூசை முடிந்து வந்ததும் மொட்டைமாடிக்கு ஏறினேன். வல்லூறு வந்துவிட்டது! மூன்றாவது வருடமாக தூர வடநாட்டுக் குளிருக்குத் தப்பி எங்கள் கொட்டாஞ்சேனைத் தண்ணீர்த் தாங்கிக்கே வருகிறது. படமெடுக்கக் கிட்டப் போனேன். பறந்துவிட்டது.

நவம்பர் 20
தாங்கியடியில் பாதி தின்ற தெருப் புறா. பசியோடு இருப்பது இரையை விட்டுப் போகுமா? யாரோ கலைக்கிறார்கள்.

யாரென்று கேட்கவும் வேண்டுமா? கீழ்வீட்டு றேமண்ட் அண்ணன் மாடியில் புறா வளர்க்கிறார். மனைவி நேசம் அக்கா செத்த பிறகு அவருக்கு அவைதான் எல்லாம்.

நவம்பர் 26
படியில் அவர் கையில் நீளத் தடி.

"எதுக்கு அண்ணன்?"

"கூட்டுக் கூரை ஆடுது தங்கச்சி. முட்டுக் குடுக்க."

யோசித்து வைத்த பதில் மாதிரிச் சட்டென்று வந்தது.

டிசம்பர் 3
காலையும் மாலையும் போய்ப் பார்க்கிறேன். என்னைக் கண்டாலே பறக்கிறது. அந்தத் தடிக்குப் பயந்து எல்லா மனிதருக்கும் பயம், பாவம். மெலிந்தும் போயிருக்கிறது.

டிசம்பர் 5
புறா எச்சம் தண்ணீரில் விழுகிறது என்று குடியிருப்புக் கமிட்டிக்கு எழுதிப்போட்டேன். என் பெயர் போடவில்லை.

விழுவதை நான் கண்டேனா? இல்லை.

டிசம்பர் 14
கூட்டைக் கழற்றிவிட்டார்கள். பன்னிரண்டு புறாவும் மருதானையில் யாரிடமோ.

டிசம்பர் 17
கூடு இல்லை, மாடியில் அண்ணன் இல்லை, தடி இல்லை. மாடிக் கதவைத் திறந்தேன். வல்லூறு அப்போதுதான் தின்னத் தொடங்கியிருந்தது. கமெராவைத் தூக்க முதலே எழும்பிப் போய்விட்டது. இரை அங்கேயே கிடந்தது.

அப்ப... நானா?

டிசம்பர் 18
அது என்னாலா பறக்கிறது என்று றேமண்ட் அண்ணனிடமே கேட்டேன்.

"ஓம் தங்கச்சி, நீங்க வாற நேரம்தான் எழும்பும். நான் தீன் போடேக்க அசையாது. நான் அந்தப் பக்கம் பாக்கிறதே இல்ல."

"உங்கட புறாவையும் பிடிச்சிருக்குமே?"

"ரெண்டு பிடிச்சது. அதுக்கும் பசிதானே."

"ஏன் முந்தியே என்னட்டச் சொல்லேல்ல?"

"ஆசையா ஏறி வாறீங்க. எப்படிச் சொல்றது?"

முறைப்பாடு எழுதினது நான்தான் என்றேன்.  அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

டிசம்பர் 19
எழுதியது பொய் என்று கமிட்டிக்குக் கடிதம். இம்முறை பேர்ணடெற் என்று கையெழுத்து வைத்தேன்.

ஜனவரி 21, 2024
கமிட்டி கூட்டுக்குத் திரும்ப அனுமதி கொடுத்துவிட்டது. அண்ணன் மருதானையிலிருந்து நான்கு புறாக்களோடு வந்து இறங்கினார். மற்றவை போன இடத்தில் பழகிவிட்டனவாம், பக்கத்து வீட்டு லவினா சொன்னாள். என்னோடு அவர் இன்னும் கதைப்பதில்லை.

மாலையில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தேன். அவர் மாடியில் கூடு அடித்துக்கொண்டிருந்தார். தாங்கியின் மேல் வல்லூறு இறகு கோதிக்கொண்டு இருந்தது.